டிக் போட்ட டெர்மினல்

பாலகுமார் அனல்மின் நிலையத்தில் மின்பராமரிப்புப் பொறியாளன். இருநூற்றுப் பத்து மெகாவாட் ஜெனரேட்டர் லேசாக முனகினாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். குறைந்தபட்சம் அப்படிச் சொல்லிக்கொள்வான். அப்பேர்ப்பட்டவனின் பழைய கார் மூன்று வாரமாகக் குவார்ட்டர்ஸ் வாசலில் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. சார்ஜ் போட்டால் ஒரு நாள் ஓடும். மறுநாள் சாவியைத் திருப்பினால் முக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

கார் மக்கர் செய்ய ஆரம்பித்த வாரத்தில்தான் அவன் மனைவி உமாராணியும் அதை ஓட்ட ஆரம்பித்திருந்தாள். பண்ருட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். எட்டு வருஷமாகப் பீரோவில் தூங்கிய லைசென்ஸை எழுப்பி, தானே காரோட்டிப் போய் இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. பாலகுமார் எதையும் யோசிக்கவில்லை. ஹெட்லைட்டை அணைக்காமல் இறங்கியிருப்பாய் என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். அணைத்தேன் என்று அடித்துச் சொன்ன உமாராணிக்கு, இரண்டாவது வாரத்தில் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஆபீஸ் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. காருக்கென்று ஒரு நீள நோட்டு. அதில் வேலை, முடிந்ததா, கோளாறு, காரணம் என்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் மூன்று முறை 'ஓட்டுநர் கவனக்குறைவு - உமாராணி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். பிறகுதான் விசாரணையே தொடங்கியது. மல்டிமீட்டர் வாங்கினான். ஃப்யூஸ்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினலை மட்டும் தொடவில்லை. நோட்டில் 'சுத்தம் செய்து இறுக்கியது' என்பதற்கு நேராக டிக் இருந்தது. போட்டவன் பாலகுமார். அவன் போட்ட டிக்கை அவனே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை காலை உமாராணி சொன்னாள்: "நான் பஸ்லயே போய்க்கறேனுங்க. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவள் குரலில் கோபமே இல்லாததுதான் அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மந்தாரக்குப்பத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் தனகோட்டிக்குப் போன் செய்தது அவள்தான். அவனுக்குக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை.

தனகோட்டி வந்ததும் பாலகுமார் பத்து நிமிஷம் பாடம் நடத்தினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொண்டுவந்த பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து இன்ஜினைக் கிளப்பி மீட்டரை வைத்தார். சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரில் பதினான்கு வோல்ட். பேட்டரியில் பன்னிரண்டுகூட இல்லை. நெகட்டிவ் டெர்மினலை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். அது ஆடியது.

"சார்ஜ் வந்துகினுதான் கீது சார். பேட்டரிக்குள்ளதான் போவல. கையால திருகி வுட்ட மாதிரி கீதுங்க."

கார் மக்கர் செய்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பாலகுமாருக்கு அப்படியே ஞாபகம் வந்தது. டெர்மினலைத் தேய்த்து, கிரீஸ் தடவி, கையால் திருகி, இறுக்கப்போகிறோம்தானே என்று டிக்கையும் போட்டுவிட்டான். ஸ்பேனரை எடுக்கத் திரும்பியபோது உமாராணி சாப்பிடக் கூப்பிட்டாள். அன்று கருவாட்டுக் குழம்பு. அப்புறம் ஸ்பேனராவது ஒன்றாவது!

அவன் முகம் போன போக்கைப் பார்த்துத் தனகோட்டிக்கே பாவமாகிவிட்டது. ரோட்டில் குலுங்கி லூசாகியிருக்கும் என்று இழுத்தார். தப்பிக்க அருமையான வழி. ஆனால் வாசற்படியில் நின்றிருந்த உமாராணியின் முகம் வாடிவிட்டது.

"அன்னிக்கு ஒரு பள்ளத்துல நான்தான் எறக்கிட்டேன்" என்றாள்.

பாலகுமாருக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

"இல்ல உமா. நான்தான் டைட் பண்ணல. பண்றதுக்கு முன்னாடியே டிக் போட்டுட்டேன்."

நோட்டை எடுத்து மூன்று இடத்திலும் அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதி நீட்டினான். அவள் மூன்றையும் நிதானமாகப் படித்தாள். உள்ளே போய்த் தனகோட்டிக்கு மட்டும் காபி கொண்டுவந்தாள்.

திங்கட்கிழமை காலை ஓட்டுநர் இருக்கையில் உமாராணி உட்கார்ந்திருந்தாள். பாலகுமார் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக ஏறிக்கொண்டான். அவள் சாவியைத் திருப்பவில்லை.

"எறங்கி அந்த டெர்மினல ஒருக்கா ஆட்டிப் பாத்துட்டு வாங்க."

அவன் வழக்கம்போல் பேனா மூடியைக் கழற்றினான். அவள் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"பாத்துட்டு வந்து சொல்லுங்க. டிக் நான் போட்டுக்கறேன்."