மிதித்தால் யோசிக்கிற கார்

லேத் பட்டறைக்காரருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் புள்ளிக்காரர். அவர் வாயில் முழு எண் வராது. டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால், "ஒன்னு புள்ளி அஞ்சு ஸ்பூன் இருந்தா சரியா இருக்கும்" என்பார். பட்டறைச் சுவரில் அவரே சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார்: 'இங்கே கடைந்த பொருள் திரும்பி வராது.' பதினேழு வருஷமாக ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதை அவரே வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார், யாரும் கேட்காமலே.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாரம் ஐந்து நாள், முப்பத்திரண்டு பிள்ளைகளோடு, ஆமை மாதிரி ஓட்டுவாள். அந்த ஐந்து நாள் ஆமைத்தனத்துக்கும் சேர்த்துப் பறக்க அவள் வைத்திருந்தது அவளுடைய அப்பா விட்டுப்போன பழைய சின்னக் கார். வருஷத்துக்கு ஒருமுறை கார் கிளப்காரர்கள் ஊருக்கு வெளியே மலைச்சாலையை அரை நாள் மறித்து, ஒவ்வொரு காராக மேலே விட்டு நேரம் எடுப்பார்கள். மொத்தம் ஏழு வளைவு. போன வருஷம் சின்னக் கார் பிரிவில் ஒரு பல் டாக்டர் அவளை புள்ளி மூன்று விநாடியில் முந்திவிட்டார். அதற்குப் பிறகு பல் வலித்தாலும் அவள் அவருடைய கிளினிக் பக்கம் போவதில்லை.

"வளைவைத் தாண்டி மிதிச்சா, கார் உடனே போக மாட்டேங்குது. போகலாமா வேணாமான்னு யோசிக்குது. நான் என்ன அதுகிட்ட கையெழுத்தா கேக்குறேன்?" என்று ஒரு நாள் பட்டறை வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள்.

பக்கத்து ஷெட்டில்தான் அவள் தம்பி மெக்கானிக் வேலை பார்க்கிறான். காருக்கு அடியிலிருந்து அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. கால்கள் பதில் சொல்லின: "அக்கா, அதுக்கு மூச்சு பத்தல. த்ராட்டில் பாடியைப் பெருசாக்கணும்."

த்ராட்டில் பாடி என்பது எஞ்சினுக்குக் காற்று போகிற வாசல். உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியக் குழாய். குறுக்கே ஒரு மெல்லிய கம்பி, கம்பியில் நாணயம் மாதிரி ஒரு தகடு. காலால் மிதித்தால் தகடு திரும்பி வாசல் திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும்.

"இப்ப குறுக்களவு நாப்பத்திரண்டு மில்லிமீட்டர். நாப்பத்தாறாக்கினா வேகம் ஒன்னும் பெருசா கூடாது. ஆனா மிதிச்ச உடனே கேக்கும்" என்றபடி மெக்கானிக் வெளியே வந்தான். "இந்தப் பழசுக்குப் பெரிய சைஸ் கடையில கிடைக்காது. கடையணும். யார் கடையறது?"

இரண்டு பேரும் புள்ளிக்காரரைப் பார்த்தார்கள்.

"குடு. பண்றேன்" என்றார் அவர்.

அவள் கண்ணைச் சிமிட்டினாள். "உண்மையாவா? மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கியர் குமிழ் கேட்டேன், ஞாபகம் இருக்கா? இன்னும் ஊரான் வேலைக்குப் பின்னாடி வரிசையிலதான் நிக்குது."

அந்தக் குத்து அவருக்கு நன்றாகவே இறங்கியது. ஊருக்கெல்லாம் கடைந்தவர் வீட்டுக்காரிக்கு ஒரு குமிழ் கடையவில்லை. இதையாவது அப்பழுக்கில்லாமல் செய்து கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை குழாயை லேத்தில் பிடித்தார். மையம் பார்க்கவே ஒரு மணி நேரம் எடுத்தார். பிறகு சிறுகச் சிறுக உள்ளே கடைந்தார். அலுமினியச் சீவல் வெள்ளிச் சுருளாக விழுந்தது. நாற்பத்தாறு, புள்ளி பூஜ்யம் பூஜ்யம். வாசல் பெரிதானால் கதவும் பெரிதாக வேண்டுமே. பழைய தகட்டை வெர்னியர் அளவுகோலின் வாயில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார், நாற்பத்திரண்டு. பித்தளைத் தகட்டில் நாற்பத்தாறுக்குப் புதுசு கடைந்தார். வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரே அசந்துபோனார்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் அதைக் காரில் பூட்டினான். மறுநாள் பத்து மணிக்கு ஓட்டம். அதற்கு முன்னால், சனிக்கிழமை நாலு மணிக்குள், கிளப்காரர்களிடம் காரைக் காட்டி முத்திரை வாங்கியாக வேண்டும். வாங்காத காரை மலைப்பக்கம் விட மாட்டார்கள்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. பிடித்த வேகத்தில் வீறிட்டு அலறியது. அவள் இரண்டு காலையும் தூக்கிக் காட்டினாள். "நான் மிதிக்கவே இல்லடா!"

"தகடு ஓரத்துல காத்து கசியுது" என்று மெக்கானிக் கத்திக்கொண்டே, தகட்டை நிறுத்தி வைக்கிற சின்னத் திருகைத் தளர்த்தினான். அலறல் அடங்கியது. ஆனால் இப்போது மிதித்தால் மிதி கல் மாதிரி நின்றது. இன்னும் அழுத்தினாள். 'டக்' என்று விடுபட்டு, கார் ஷெட்டுக்குள்ளேயே ஒரு குதி குதித்து, காலி எண்ணெய் டின்னை உருட்டிவிட்டது.

"முன்னாடி யோசிச்சுது. இப்ப அடம் பிடிக்குது" என்றாள்.

"நீ பூட்டினது சரியில்ல மாப்ள" என்றார் புள்ளிக்காரர்.

"ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ மாமா. அதுல என்னத்த நான் தப்பாப் பூட்ட?"

"அப்ப கம்பி வளைஞ்சிருக்கும்."

"நேத்து நீங்கதானே பாத்துட்டு, நூல் பிடிச்ச மாதிரி இருக்குன்னீங்க?"

"ஸ்ப்ரிங்..."

"மாமா, காத்து மேல மட்டும்தான் நீங்க இன்னும் பழி போடல."

புள்ளிக்காரருக்கு முகம் சிவந்தது. கழற்றிய த்ராட்டில் பாடியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். மணி பதினொன்றே கால். மைக்ரோமீட்டரை எடுத்துப் புதுத் தகட்டை ஏழு இடத்தில் அளந்தார். ஏழிலும் ஒரே அளவு. குற்றம் சொல்ல ஒரு இடமில்லை. பிழை இருந்தால் திருத்தலாம். பிழையே இல்லாததை என்ன செய்வது?

அவள் பின்னாலேயே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபமாக இருந்தால் சமாளித்திருப்பார். அவள் கோபப்படவில்லை. "பழசையே பூட்டிடலாம்னு பார்த்தா, அதையும் கடைஞ்சாச்சு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அவள் த்ராட்டில் பாடியை எடுத்துக் கண்ணில் வைத்து உள்ளே பார்த்தாள். விரலால் தகட்டை மூடினாள், திறந்தாள்.

"ஏங்க, பழசு மூடினா இப்படி நிக்காதே."

"எப்படி நிக்காது?"

"வருஷா வருஷம் பழைய பல் பிரஷ்ஷை வச்சு நான்தானே இதைத் தேய்க்கிறேன். மூடினா கொஞ்சம் சாஞ்சுதான் நிக்கும், முழுசா மூடாத ஜன்னல் மாதிரி. ஆனா வெளிச்சம் வராது. நீங்க போட்டது சுவர் மாதிரி நேரா நிக்குது."

"வட்டத் தகடு சாஞ்சு நின்னா மேலயும் கீழயும் இடைவெளி வந்துடுமே. எப்படி வெளிச்சம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கழிவுத் துண்டுகள் போடுகிற டப்பாவைக் கவிழ்த்துப் பழைய தகட்டைத் தேடி எடுத்தார். வெர்னியரை நாற்பத்திரண்டில் வைத்துத் திருகி இறுக்கினார். தகட்டை அதன் வாயில் நுழைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. வெளியே எடுத்துக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் நுழைத்தார்.

போகவில்லை.

இன்னொரு தடவை. போகவில்லை. அளந்தார். குறுக்கே நாற்பத்திரண்டு. நெடுக்கே நாற்பத்திரண்டு புள்ளி நாலு ஒன்று. கண்ணுக்கு வட்டம், அளந்தால் வட்டமில்லை. சாய்ந்து நின்று மூடுவதற்காகவே கொஞ்சம் நீட்டிச் செய்திருக்கிறான், முதலில் இதைச் செய்த புண்ணியவான். ஓரம்கூடச் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. புதுசை ஏழு இடத்தில் அளந்தவர், பழசை ஒரே ஒரு இடத்தில் அளந்திருந்தார். நாணயம் மாதிரி இருக்கிறதே, இதில் என்ன இரண்டாவது அளவு என்ற நினைப்பு.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். ஷெட்டில் மெக்கானிக் எண்ணெய் டின்னை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"மாப்ள!"

"என்ன மாமா? இப்ப என்ன, ஷெட்டுக் கூரை சரியில்லையா?"

"நீ பூட்டினது சரிதான். நான்தான் தப்பாக் கடைஞ்சுட்டேன்."

மெக்கானிக் கையிலிருந்த டின் மறுபடி உருண்டது. "அக்கா! கேட்டியா? இன்னொரு தடவை சொல்லச் சொல்லு, போன்ல பதிவு பண்ணிக்கிறேன்!"

"வாயை மூடிட்டு, அந்தப் பித்தளைத் தகடு மிச்சம் எங்க இருக்குன்னு பாரு."

லேத்துக்குத் தெரிந்தது வட்டம் மட்டும்தான். ஆனால் தகட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கடைந்தால்? சுவரில் எண்ணெய்க்கறை படிந்த கணக்கு அட்டவணையில் விரலை ஓட்டினார். அந்த இரண்டு அளவுக்கும் பொருந்துகிற சாய்வு எட்டு டிகிரி. ஒரு இரும்பு உருளையைக் குறுக்கே, எட்டு டிகிரிச் சாய்வில் இரண்டாக அறுத்தார். நடுவில் தகட்டை வைத்து இறுக்கினார். லேத் சுற்றியபோது தகடு குடிகாரன் மாதிரி தள்ளாடியது. உளி 'டக் டக்' என்று விட்டு விட்டுத் தொட்டது. இப்படி ஒரு கோணல் வேலையை அவர் தன் வாழ்நாளில் செய்ததில்லை. மெக்கானிக் பின்னால் நின்று, "நல்லா ஆடுது மாமா, பாட்டு வேணுமா?" என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இரண்டு மணிக்குப் பூட்டினார்கள். மூடிய தகட்டின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் துளிகூட வரவில்லை. தகடு ஒயிலாகச் சாய்ந்து நின்றது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. அவள் கட்டை விரலால் தொடுகிற மாதிரித்தான் மிதியைத் தொட்டாள். எஞ்சின் 'என்ன?' என்று கேட்டது.

மூன்றே முக்காலுக்கு முத்திரை வாங்கிவிட்டார்கள்.

ஞாயிறு காலை, ஆறாவது வளைவுக்கு வெளியே வேலிக்குப் பின்னால் புள்ளிக்காரர் நின்றார். போன வருஷம் அவர் வரவில்லை, யாருக்கோ கப்பி கடைந்துகொண்டிருந்தார். கீழேயிருந்து சத்தம் ஏறி ஏறி வந்தது. கார் வளைவில் நுழைந்தது, ஒரு நொடி சத்தம் அடங்கியது. பிறகு அவள் மிதித்தாள். அவர் காதுக்கு மட்டும் தெரிகிற கணக்கில், மிதித்ததற்கும் சத்தத்துக்கும் நடுவில் புள்ளி ஒன்றுகூட இல்லை. கார் வில்லிலிருந்து விட்ட மாதிரி ஏழாவது வளைவுக்குப் பறந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த ஆளும் என்ன ஏதென்று கேட்காமல் கட்டிக்கொண்டார்.

மேலே போனபோது அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எப்படி இருந்துது?" என்றார்.

"யோசிக்கல" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "டாக்டரை விட புள்ளி ஒன்பது விநாடி கம்மி."

"வெறும் புள்ளி ஒன்பதா, ஒன்பதுக்கு அப்புறமும் எண் இருக்கா?"

"போங்க, போய் போர்டைப் பாருங்க!"

திங்கள்கிழமை பட்டறையைத் திறந்தபோது, சுவரில் சிவப்பு எழுத்துக்குக் கீழே சாக்பீஸில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'ஒன்னே ஒன்னு வந்துது.' யாரோ என்ன யாரோ, மாப்ளை கையெழுத்துதான். அழிக்கத் துணியை எடுத்தவர், அழிக்காமலே மறுபடி ஆணியில் மாட்டினார். லேத்தில் ஒரு பித்தளைத் துண்டைப் பிடித்தார். கியர் குமிழுக்கு.

பாதி கடைந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. பல் டாக்டர். கையில் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றிய த்ராட்டில் பாடி.

"கேள்விப்பட்டேன். எனக்கும் ஒன்னு இதே மாதிரி பண்ணித் தர முடியுமா?"

"தாராளமா. ஆனா முன்னாடி ஒரு வேலை ஓடிட்டு இருக்கு டாக்டர், அதுதான் அவசரம்."

"பரவாயில்ல. எப்ப வரட்டும்?"

புள்ளிக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு, நெற்றியைச் சுருக்கிக் கணக்குப் போட்டார்.

"அடுத்த வருஷ ஓட்டத்துக்கு மறுநாள் வாங்க. காலையில ஒன்பது புள்ளி அஞ்சுக்கு."