தலைவருக்கு ஓட்டில்லை

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் தொழிலால் வக்கீல் குமாஸ்தா. சட்டம் படிக்காதவர்களுக்கு வரும் சட்டப் பைத்தியம் அவருக்குத் தலைக்கேறியிருந்தது. சங்க விதிகளை எழுதியவரே அவர்தான். விதி பேசாத இடத்தில்தான் கூட்ட நடைமுறைப் புத்தகம் பேசலாம், விதி வாயைத் திறந்துவிட்டால் புத்தகம் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். லிஃப்டில் மாட்டியவர்களுக்கு இரண்டு தடவை.

அன்றைய தீர்மானம் அவருடைய மனைவி கொண்டுவந்தது. கீழ்த்தள அறையில் தினமும் இரண்டு மணி நேரம் தையல் வகுப்பு நடத்த அனுமதி வேண்டும். வீட்டில் மெஷின் போடவே இடமில்லை. எட்டுப் பெண்கள் பெயர் கொடுத்துவிட்டு ஆறு மாதமாகக் காத்திருந்தார்கள். பழைய தலைவருக்கோ அந்த அறையில் டேபிள் டென்னிஸ் ஆட வேண்டும்.

கை தூக்கினார்கள். ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஆறு.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். மனைவி கொஞ்சம் முன்னாலேயே பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

"சமமா வந்தா தலைவர் ஓட்டுப் போடலாம்னு புத்தகத்துல இருக்கே," என்றார் பல் டாக்டர்.

"புத்தகத்துல இருக்கட்டும். விதி ஒன்பது என்ன சொல்லுது? நீங்களே வாசிங்க சார், உங்க வாயால கேக்கணும்," என்றார் பழைய தலைவர்.

தலைவர் வாசித்தார். 'தலைவருக்கு எந்த நிலையிலும் ஓட்டில்லை.' மூன்று வருடத்துக்கு முன், இதே பழைய தலைவர் பதவியில் இருந்தபோது அவர் கையைக் கட்டிப்போட இவர் எழுதிய வரி. 'எந்த நிலையிலும்' என்று சேர்த்ததும் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

"பரவால்லைங்க, விதின்னா விதிதான்," என்றாள் மனைவி.

இருபது வருட இல்லறத்தில் அவர் எந்த நீதிபதிக்கும் இப்படி நடுங்கியதில்லை. சட்டென்று எழுந்தார்.

"முடிவை இன்னும் அறிவிக்கல. நான் ராஜினாமா பண்றேன். இப்போ நான் சாதாரண உறுப்பினர்."

"ராஜினாமாவைக் கூட்டம் ஏத்துக்கணும்னு புத்தகத்துல..." என்று இழுத்தார் பழைய தலைவர்.

"விதி பதினொன்று! வாயால் சொன்ன நொடியே செல்லும்!"

அதுவும் பழைய தலைவர் மனம் மாறுவதற்குள் அவரை வழியனுப்ப எழுதியதுதான். அறை கைதட்டியது. மனைவியின் முகம் சிவந்தது. மறுபடி ஓட்டெடுக்கும்போது மாஜி தலைவர் எழுந்து நின்று, கூரையைத் தொடுவதுபோல் கையைத் தூக்கினார்.

தலைவர் நாற்காலியில் இப்போது துணைத் தலைவரான டீச்சரம்மா இருந்தார். தையல் வகுப்புக்கு முதலில் கை தூக்கியவர் அவர்தான். இந்தமுறையும் பாதி தூக்கிவிட்டு நிறுத்தினார்.

"இப்போ நான்தானே தலைவர்? அப்போ எனக்கு...?"

விதி ஒன்பது நினைவுக்கு வந்து கையைக் கீழே இறக்கினார். பழைய தலைவர் எண்ணினார். "இங்க ஆறு. அங்க... அட, ஆறு!" சிரித்துச் சிரித்து அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் தோற்றது.

மாடிப்படியில் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்து திரும்பினால், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகக் கையைத் தூக்கறதுக்கு பதவியைத் தூக்கிப் போட்டீங்களே! பத்து பைசாவுக்குப் பிரயோஜனமில்ல. ஆனாலும் போட்டீங்க."

"டீச்சரம்மாவை நான் யோசிக்கவே இல்லடி."

"நீங்க யோசிச்சு எழுதினதெல்லாம் பார்த்தோமே. இப்படியே இருங்க."

மறுநாள் காலையில் டீச்சரம்மா ஆளனுப்பினார். சங்கத்து ஆவணங்கள் தலைவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் ஒரு விதியாம். யார் எழுதியது என்று மாஜி தலைவர் கேட்கவில்லை. ஆவணங்கள் அடைத்த மூன்று இரும்பு பீரோக்கள் மூச்சு வாங்க டீச்சரம்மா வீட்டுக்கு மாடியேறின. காலியான முன்னறையில் ஒரு ஜன்னல் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

மனைவி அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்தாள்.

"நெருங்கி உக்காந்தா எட்டு பேர் உக்காரலாங்க."

"வகுப்புக்குச் சின்னதா நாலு விதி எழுதித் தரட்டுமா?"

"கத்திரிக்கோல் என் கையில இருக்கு, பார்த்துக்குங்க. போய் மெஷினுக்கு எண்ணெய் போடுங்க."

அவர் போட்டார்.