நானூறு வருசக் கிடுகு

"சொல்லு தம்பி, கிடுகுக்கு என்ன மருந்து பூசுறாங்கள்?"

ஒஸ்வால்ட் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் கூரை வேயும் கிடுகு விற்கிற நிக்கலஸ் பூதக்கண்ணாடியைப் புகைப்படத்தின் மேல் பிடித்திருந்தார். பதில் சரியென்றால் அவர் மகள் றோஸி அவனுக்கு. பிழையென்றால் வெளியே போகப் படலை திறந்தே இருந்தது.

படத்தில் ஒஸ்வால்ட் கோட்டுப் போட்டு நின்றான். பின்னால் இங்கிலாந்துக் கிராமத்து வீடு: கறுத்த மரச்சட்டங்கள், இடையே வெள்ளைச் சுவர், புருவம் வரை இழுத்துவிட்ட தொப்பிபோல ஒரு கூரை. படத்தின் பின்புறம் அவனே எழுதியிருந்தான்: ‘சீமையில் நான் தங்கிய வீடு. வயது நானூறு.’ 1938இல் சீமை கண்ட மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டில் போடுகிற நாற்காலியே வேறு.

உண்மையில் அது தெருமுனை ஸ்ரூடியோவின் திரைச்சீலை. காலண்டர் பார்த்து அதை வரைந்த ஸ்ரூடியோக்காரன் தாஸிமுக்கு மரமும் சுவரும் அச்சாக வந்தன. வைக்கோல் கூரை மட்டும் பிடிபடவில்லை. தெரிந்த கூரையைப் போட்டுவிட்டான். தென்னங்கிடுகு. ஒவ்வொரு பின்னலாக!

"என்ர கிடுகு ரெண்டு மாரி தாங்காது. வெள்ளைக்காரன்ரது நானூறு வருசமோ?"

"வீடுதான் மாமா நானூறு..."

"கூரையும் அதே வயசு எண்டு போன ஞாயிறு நீதானே சொன்னனீ!"

சொல்லித்தான் இருந்தான். வாய் சும்மா இருந்தால்தானே?

"விடுங்கோ அப்பா, அவருக்கு வேர்க்குது" என்றது கதவுச் சீலைக்குப் பின்னால் றோஸியின் குரல்.

"மருந்தைச் சொல்லட்டும், விடுறன்."

மீன் எண்ணெய் என்று அடித்துவிடலாம். ஆனால் மனிதர் நாளைக்கே கொட்டில் முழுக்கப் பூசுவார். அடுத்த மாரியில் மாமனாரும் கூரையும் ஒன்றாக ஒழுகுவார்கள். ஒஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமா, அது வீடில்லை. சீலை. ஸ்ரூடியோத் தாஸிம் கீறின படம். நான் இந்தா இருக்கிற மட்டக்குளி ஆத்துக்கு அங்கால போனதே இல்லை."

பூதக்கண்ணாடி மேசையில் விழுந்தது. நிக்கலஸ் எழுந்தார். ஒஸ்வால்ட் கண்ணால் வாசலை அளந்தான், ஆறே பாய்ச்சல்.

"சத்தியமா?"

"மாதா மேல ஆணை."

"அப்பாடா!" அவர் அவனைக் கட்டிப்பிடித்தார். "நானூறு வருசம் நிக்கிற கிடுகு கப்பல்ல வந்திறங்கினா என்னட்டை எவனடா வாங்குவான்? மூண்டு நாளா நித்திரை இல்லையடா!"

"அப்ப... றோஸி?"

"எனக்குச் சம்மதம். அவளைக் கேள்."

கதவுச் சீலை அசைந்தது.

"சீமை வேண்டாம் அப்பா. ஆத்தைத் தாண்டி ஹெந்தளைக்காவது கூட்டிக்கொண்டு போவாரோ எண்டு கேளுங்கோ!"