மணல் மூட்டைக்குப் பதிலாக

"அக்கா ரொறன்ரோவுக்கு வரச் சொல்லுறா. முதல்ல நான் போனா, பிறகு உங்களையும் கூப்பிடலாமாம். தைப்பொங்கலுக்குள்ள முடிவு சொல்ல வேணும்."

பாலேஸ்வரி இதைச் சொன்னபோது நாகேந்திரம் வெள்ளவத்தை வீட்டின் பின்விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கை நின்றது. பிறகு மறுபடி கழற்றத் தொடங்கியது.

"உம்மட விருப்பம்" என்றான்.

அவ்வளவுதான். போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. கலியாணம் முடிந்து ஏழு மாதம். பேசிச் செய்த கலியாணம். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாத மனிதன். சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடுவான். ஆனால் வாய் திறந்து நாலு வார்த்தை தொடர்ந்து கதைக்கிறான் என்றால் அது டயரைப் பற்றியதாகத்தான் இருக்கும். என்னைப் போகாதே என்று சொல்ல இந்த வீட்டில் ஒருவரும் இல்லையா என்று அன்று அவள் குசினிக்குள் நின்று கண்ணைத் துடைத்தாள்.

அவன் வேலையும் விசித்திரமானதுதான். வெள்ளைக்காரர் சைக்கிளில் கூடாரம், உடுப்பு, சட்டி பானை எல்லாம் கட்டிக்கொண்டு நாடு நாடாகப் போவார்களாம். அப்படிப்பட்ட சைக்கிள்களுக்குக் களனிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று டயர் செய்தது. மென்மையான ரப்பரில் ஒன்று, கடினமான ரப்பரில் ஒன்று. எது இலேசாக ஓடுகிறது, எது சுமையோடு நெடுநாள் உழைக்கிறது என்று தெருவில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் கொட்டாஞ்சேனையில் சைக்கிள் கடை வைத்திருந்த புவாத் ஏற்றிருந்தார். ஓட்டுவது நாகேந்திரம். காலையில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, பின்னேரம் திரும்ப. பின்சில்லுக்குத்தான் பாரம் என்பதால் சோதனை டயர்கள் இரண்டையும் கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னால்தான் பூட்டுவான். கரியரின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை.

போர்க்காலக் கொழும்பில், ஒரு தமிழன், சைக்கிளில், மூட்டையோடு! கோட்டைப் பக்கம் அடைத்திருந்ததால் அவன் கொம்பனித்தெரு, மருதானை என்று சுற்றித்தான் போவான். சந்திக்குச் சந்தி மறிப்பார்கள். மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். ஒருநாள் மருதானையில் மணல் முழுவதையும் தெருவில் கொட்டச் சொன்னார்கள். மணல்தான் என்று கண்ட பிறகு சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. ஒன்றுக்கும் உதவாத மணலை ஒருவன் தினமும் ஏன் சுமக்கிறான்? இந்தக் கேள்விக்கு நாகேந்திரம் டயரின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்க, அவர்கள் அவனைப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

புவாத் போய் ஆள் பேசி வெளியே எடுத்தார். வீட்டுக்கு வந்தவன் வெறும் கரியரைப் பார்த்தபடி இருந்தான். வேலை போய்விடும் போலிருந்தது. பாலேஸ்வரிக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"எவ்வளவு பாரம் வேணும்?"

"ஒரு ஐம்பது கிலோ."

"நான் அதுக்குக் கிட்டத்தட்ட வருவன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பகிடி என்று நினைத்திருப்பான். பகிடி இல்லை என்று தெரிந்ததும், பாரம் சரியாகத் தெரிய வேண்டுமே என்று அவளை ஒழுங்கை முனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் அவள் ஏறி நிற்க, கடைக்காரர் கனகசபாபதி படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்தார்.

"தம்பி, வடிவா யோசிச்சு எடும். நிறுத்த சாமானை நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை."

"திருப்பித் தரமாட்டன்" என்றான் நாகேந்திரம். சொன்ன பிறகு காது சிவந்தது.

மறுநாள் அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டுக் கரியரில் ஏறி அமர்ந்தாள். மருதானையில் மணலைக் கொட்டச் சொன்ன அதே சிப்பாய்.

"நோனா எக்கத?" மனைவியோடா என்று கேட்டுச் சிரித்தான். "ஹரி, யண்ட." போகச் சொல்லிக் கை காட்டினான்.

அன்றிலிருந்து அவள்தான் பாரம். பகலில் புவாத்தின் மனைவி மர்லியாவோடு இருந்து தையல் வேலை பார்ப்பாள். பின்னேரம் திரும்ப ஏறுவாள். முதுகுக்குப் பின்னால் இருந்தபடியால் நாகேந்திரத்துக்குக் கதைப்பது சுகமாயிருந்தது போல. முகம் பார்க்கத் தேவையில்லையே! சின்ன வயதில் தகப்பன் செத்தது, கடன்பட்டு ரெக்னிக்கல் கொலிஜ் படித்தது, இரவில் கண் தெரியாத தம்பி, எல்லாம் கொள்ளுப்பிட்டிக்கும் மருதானைக்கும் இடையில் வந்தது.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடை இறக்கத்தில்தான் வேகச் சோதனை. மேலே நின்று, மிதிக்காமல் விட்டு, சைக்கிள் தானாக எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

"மிதிக்கக் கூடாது. நீரும் ஆடக் கூடாது. சரியே?"

"நான் மணல் மூட்டை. மூட்டை ஆடுமே?"

கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்மார் வழி விட்டு நின்று பார்க்க, காற்று காதில் இரைய, அவள் அவனுடைய சேர்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே வந்தாள். நின்ற இடத்தில் அவன் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டான். "இன்னொருக்கா?" என்று கேட்டது அவள்தான்.

ஆனால் தைப்பொங்கல் கிட்டி வந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்பான் கேட்பான் என்று ஒவ்வொரு சந்தியிலும் அவள் காத்திருந்தாள். கடைசியில் வருகிறேன் என்று அக்காவுக்குச் சொல்லிவிடுவது என்றே மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

சோதனை முடிந்த அன்று புவாத் டயர்களைக் கழற்றி மேசையில் பரப்பி விரலால் தடவினார். பாலேஸ்வரியும் மர்லியாவும் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள்.

"நாகேந்திரம், என்ன இது? வலப்பக்கம் மட்டும் தானே தேஞ்சிரிக்கி! இடப்பக்கம் புதுசு மாதிரி."

புவாத் டயரையும் பார்த்தார், தேத்தண்ணித் தட்டோடு நின்ற பாலேஸ்வரியையும் பார்த்தார். "ஓ. தங்கச்சி காலை இந்தப் பக்கம் போட்டு இருந்தா, நீங்க சைக்கிளை அந்தப் பக்கம் சரிச்சுத்தானே ஓட்டணும். ரெண்டு டயரும் பழுது. இந்தக் கணக்கை நம்பி எவனாவது சுமையோட காட்டுப் பாதையில போனா அவன் கதி என்ன? உங்களுக்கு இது விளங்கல்லயா?"

"விளங்கினது."

"எப்ப?"

"முதல் கிழமையே."

"அப்ப ஏன் சொல்லல்ல? நீங்க ஒரு நூல் பிசகினாலும் திரும்பக் கழட்டிப் பூட்டுற ஆளாச்சே!"

நாகேந்திரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தான். குடிக்காமல் வைத்தான். "சொன்னா அவ நாளைக்கு வரமாட்டா எண்டு…" என்று தொடங்கினான். முடிக்கவில்லை. "பிழை என்னிலதான். சம்பளம் வேண்டாம். திரும்ப ஓட்டித் தாறன்."

மர்லியா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். புவாத் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். பாலேஸ்வரி மட்டும் மேசையில் கிடந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்து கிடந்தது. இந்த மனிதன் தன் வேலையைக் கெடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அவளைப் போகாதே என்று சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறான். அவள்தான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் அவன் மருதானைவரை வேகமாக மிதித்தான். சந்தி தாண்டியதும் அவள்தான் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, இரண்டு பக்கமும் காலைப் போட்டு இருந்தாச் சரிவருமே?"

"சரிவரும். ஆனா சேலையோட ஏலாது."

"மர்லியாட்டச் சொல்லி இருக்கிறன். ஒரு சுடிதார் தைச்சுத் தாறாவாம்."

சைக்கிள் கொஞ்சம் ஆடி நேரானது.

"முதல்ல இருந்து தொடங்க வேணும்" என்றான் அவன். "இரண்டு டயரும். சித்திரை வருசம் தாண்டிப் போகும்."

"தெரியும்."

"அக்காவுக்கு என்ன சொல்லப் போறீர்?"

"நீங்கள் என்ன சொல்லச் சொல்லுறியள்?"

கொம்பனித்தெருப் பள்ளிவாசலைத் தாண்டும்வரை அவன் மிதித்துக்கொண்டே இருந்தான். முன்னால் மூன்று சில்லு வாகனம் ஒன்று திரும்ப, பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றான். கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நடுத்தெருவில் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"போக வேண்டாம்" என்றான். "நான் சொன்னனானெண்டே அக்காவுக்குச் சொல்லும்."