நடுவில் நின்றவள்

"சூப் எத்தனை பேருக்குச் சொல்லட்டும்?" என்று சமையற்கட்டுப் பெண்மணி இரண்டாம் முறை கேட்டபோது, நம்ஹீ அம்மாவின் படத்துக்கு முன்னால் சாய்ந்து கிடந்த வெள்ளைச் சாமந்திகளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"நேத்து அறுபது சொன்னீங்க, நாப்பது மிஞ்சிப்போச்சு. கொட்ட மனசு வரமாட்டேங்குதுங்க."

"முப்பது போதும்."

"அம்பது சொல்லுங்க," என்றான் தம்பி தேசிக். கறுப்புக் கோட்டின் கையில் துக்கப் பட்டையைக் கட்டிக்கொண்டே வந்தான். "ரெண்டாவது நாள்தான் எல்லாரும் வருவாங்க. யூரிம் அக்காவுக்குச் சேதி அனுப்பியிருக்கேன். சூக்யோங் அக்காவுக்கும்."

நம்ஹீயின் கை பூவிலேயே நின்றது. "சூக்யோங் நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அம்மா ஃபோன்ல இருந்துச்சு."

பூக்களில் ஒன்று காம்போடு ஒடிந்திருந்தது. நம்ஹீ அதை எடுத்து மடித்துப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது அந்தத் துக்க மண்டபம். சன்னல் கிடையாது. முந்தைய நாள் காலையில் மேலே நான்காம் மாடியில் இறந்த அம்மா ஓ பொங்ரேயை லிப்டில் கீழே கொண்டுவந்திருந்தார்கள். எழுபத்து நான்கு வயது. புப்யோங் சந்தைக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் சலவைக் கடை நடத்தியவள். கடைசி இரண்டு வருடம் நுரையீரல் நோயோடு படுக்கையில் கிடந்தாள். நம்ஹீதான் பார்த்துக்கொண்டாள். போன மாதம் ஒரு நாள், மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை நகர்த்திவிட்டு, "சூக்யோங்கக் கூப்பிடு, பாக்கணும்" என்றாள் அம்மா. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நம்ஹீ தம்ளரைக் கழுவப் போனாள். இன்னொரு நாளும் அம்மா கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் மூன்று பெண்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். நாற்பதை ஒட்டிய வயது. அவர்களில் ஒருத்தியையும் நம்ஹீக்குத் தெரியவில்லை. ஊதுபத்தி ஏற்றி, படத்துக்கு இரண்டு முறை விழுந்து வணங்கி, பிறகு நம்ஹீயையும் தேசிக்கையும் பார்த்து வணங்கினார்கள்.

"எங்கள உங்களுக்குத் தெரியாதுக்கா," என்றாள் கண்ணாடி போட்டவள். "ஸ்கூல் விட்டதும் உங்க கடை வாசல்ல வந்து நிப்போம். நீங்க எப்பவாவது வீட்டுக்கு வருவீங்கன்னு. மழை பேஞ்சா அம்மா உள்ள கூப்பிட்டு உக்கார வெப்பாங்க. சூடா பார்லித் தண்ணி குடுப்பாங்க. 'வீட்ல தெரியுமாடி இங்க நிக்கறீங்கன்னு' திட்டிக்கிட்டேதான் குடுப்பாங்க."

அவர்கள் 'நாலு மணி'யின் ரசிகைகள். நம்ஹீயும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்த பாட்டுக் குழு அது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தைப் பெயராக வைத்தது கேசட் கம்பெனி. ஊரில் பாதி அப்பாக்கள் வேலை போய், பூங்கா பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த வருடத்தில் அவர்களுடைய முதல் கேசட் வந்தது. அடுத்த வசந்தத்துக்குள் நாட்டிலுள்ள பெண்பிள்ளைகள் எல்லாரும் அவர்களைப் போலச் சட்டையின் ஒரு கையை மட்டும் மடித்துவிட்டுத் திரிந்தார்கள். பள்ளி வாசலில் ஆசிரியர்கள் நின்று கைகளைச் சோதித்தார்கள். கடல் கடந்து தைபேயிலும் மைதானம் நிரம்பியது. சொல் ஒன்றுக்கும் பொருள் தெரியாத பிள்ளைகள் பாட்டு முழுவதையும் கூடவே பாடினார்கள். பாட்டு புரிய வேண்டும் என்பதற்காகவே அவர்களுடைய மொழியைப் படித்ததாக இன்றும் யாராவது எங்கிருந்தாவது எழுதுகிறார்கள். இப்போது மேடையேறும் சிறு பெண்கள் பேட்டிகளில் அந்தப் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை.

"கையை மடிச்சதுக்கு நான் வாத்தியார்கிட்ட வாங்கின அடி," என்றாள் இரண்டாமவள். "இப்ப நானே வாத்தியார்."

"நீங்க அடிக்கிறீங்களா?" என்று கேட்டான் தேசிக்.

"இப்பதான் அடிக்கக் கூடாதே. வாயாலதான்."

மூன்றாமவள் மட்டும் பேசாமல் நின்றாள். மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு நம்ஹீயிடம் நெருங்கி, "சூக்யோங் அக்கா வருவாங்களா?" என்றாள்.

"தெரியல."

"அன்னிக்கு அவங்க வண்டி மேல நானும் முட்டை எறிஞ்சேன்க்கா. பதினாலு வயசு. அவங்களப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். இருக்கட்டுமா?"

"இரு," என்றாள் நம்ஹீ.

சூக்யோங்தான் எப்போதும் நடுவில் நின்றவள். மற்ற இருவர் யூரிமும் போராவும். நம்ஹீ வலது ஓரம். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "கேமரா உன்கிட்ட வர்றதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடுது" என்பாள். நால்வருடைய மேடை உடைகளும் அம்மாவின் கடைக்குத்தான் வெளுக்க வரும். நான்காவது வருடத்தில் ஒருநாள் சூக்யோங்கின் கோட்டுப் பையில் ஒரு கடிதம் கிடைத்தது. ராணுவ முகாமிலிருந்து ஒரு பையன் எழுதியது. உள்ளே இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். வீட்டுக்கு வந்திருந்த நம்ஹீ அதை இஸ்திரி மேசையின் மேல் பார்த்தாள். அம்மா அதன் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினாள். இருவரும் அன்று இரவு மீன் குழம்பு சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அந்தப் படம் பத்திரிகையில் வந்தது.

மேடையில் ஆடும் பெண்ணுக்குக் காதலன் இருப்பது அந்தக் காலத்தில் திருட்டைவிடப் பெரிய குற்றம். சூக்யோங்கின் வண்டி மேல் முட்டைகள் விழுந்தன. கம்பெனி அவளை அனுப்பிவிட்டது. மீதி மூன்று பேர் எட்டு மாதம் ஆடினார்கள். அந்த எட்டு மாதமும் நடுவில் நின்றவள் நம்ஹீ. பிறகு குழு கலைந்தது. அவள் கல்யாணம் செய்து, கணவனை விட்டு விலகி, பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்து, அம்மாவிடமே திரும்பி வந்தாள்.

யூரிம் மூன்று மணிக்கு வந்தாள். குழுவுக்கு மூத்தவள், இப்போது வானொலியில் பேசுகிறவள். அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பன்றியிறைச்சித் துண்டை உப்பில் ஊறிய இறாலில் தொட்டுக்கொண்டே, "போரா அமெரிக்காவிலேருந்து மலர்வளையம் அனுப்பியிருக்காளே, பாத்தியா? பேரத் தப்பா எழுதியிருக்கான் கடைக்காரன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டீவிக்காரன் மறுபடியும் கேக்கறான். நாலு பேரும் ஒரே ஒரு மேடை. சூக்யோங்தான் மாட்டேங்கறா. நீ பேசேன்" என்றாள்.

"இங்கயா, அக்கா?"

"இங்கதான் வேணாம்," என்று யூரிம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் போன சிறிது நேரத்தில் சூக்யோங் வந்தாள். கறுப்புக் கால்சட்டை, கறுப்பு மேல்சட்டை, குட்டையாக வெட்டிய முடி. தெற்கே குன்சான் ஊரில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஊதுபத்தியை ஏற்றும்போது நம்ஹீ அவள் கைகளைப் பார்த்தாள். ஓட்டும்போது சன்னல் வெயில் படும் இடது கை வலது கையைவிடக் கறுத்திருந்தது. இரண்டாவது முறை விழுந்தவள் நெடுநேரம் எழவில்லை. பிறகு நம்ஹீயை நோக்கி வணங்கினாள். நம்ஹீயும் வணங்கினாள். இருவருடைய தலைகளும் தரைக்குப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன.

"சாப்பிடு," என்றாள் நம்ஹீ.

"சாப்பிடத்தானே வந்தேன். காலையிலேருந்து ஒண்ணும் இல்ல."

தாழ்ந்த மேசையில் சூப்பும் சோறும் வந்தன. சூக்யோங் சோற்றைச் சூப்பில் கொட்டிக் கலக்கினாள். அதற்குள் மூன்றாவது ரசிகை வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள், ஒரு மூச்சில். சூக்யோங் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த முட்டை? நெறைய பேர் எறிஞ்சாங்க."

"கண்ணாடியில பட்டுது. இடது பக்கம்."

"அது நீதானா," என்றாள் சூக்யோங். "நல்ல குறிதான். போ, வீட்ல பிள்ளைங்க காத்திருக்கும்."

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். மண்டபத்தில் தேசிக் யாருக்கோ வணங்கிக்கொண்டிருந்தான். சமையற்கட்டில் தட்டுகள் மோதும் சத்தம்.

"அம்மா உன்னக் கேட்டாங்க," என்றாள் நம்ஹீ. "ரெண்டு தடவ. நான் கூப்பிடல."

"தெரியும். அவங்களே போன் பண்ணினாங்க. பேச முடியல, மூச்சு மட்டும் கேட்டுது. நான்தான் பேசினேன்."

நம்ஹீ நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினோரு வருஷம் முந்தி என் பஸ்ல ஏறினாங்க," என்றாள் சூக்யோங். "எனக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்தாங்க. கடைசி ஸ்டாப் வந்துச்சு, எறங்கல. திரும்பவும் முழுசா வந்தாங்க. மூணாவது ட்ரிப்லதான் சொன்னாங்க, அந்த லெட்டரப் பத்திரிகைக்குக் குடுத்தது நான்தாம்மான்னு."

"நீ என்ன சொன்ன?"

"அடுத்த ட்ரிப்புக்கு நேரமாச்சு, எறங்குங்கன்னேன்." அவள் ஒரு துண்டு முள்ளங்கியைக் கடித்தாள். "அடுத்த வருஷம் மறுபடி வந்தாங்க. அதுக்கடுத்த வருஷம் நானே ஸ்டாப்ல அவங்களப் பாத்து பஸ்ஸ நிறுத்திட்டேன்."

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அம்மா கோயிலுக்கென்று ஒருநாள் போய்வருவாள். படுக்கையில் விழுகிற வரைக்கும். எந்தக் கோயில் என்று நம்ஹீ கேட்டதேயில்லை.

"லெட்டர் விஷயம் நம்ஹீக்குத் தெரியுமான்னு அவங்கள ஒரு தடவ கேட்டேன்," என்றாள் சூக்யோங். "பேச்ச மாத்திட்டாங்க. மழை வரும்போல இருக்குன்னாங்க. வெயில் கொளுத்துது அன்னிக்கு."

நம்ஹீ மேசை விரிப்பின் நுனியை மடித்தாள், பிரித்தாள்.

"ஒவ்வொரு ஸ்டாப்லயும் கதவத் திறக்கறப்ப பாப்பேன்," என்றாள் சூக்யோங். குரல் உயரவில்லை. "நீயும் ஒருநாள் ஏறுவியான்னு."

பிறகு கிண்ணத்தைச் சாய்த்து அடியில் இருந்த சோற்றையும் வழித்துச் சாப்பிட்டாள். கரண்டியை நேராக வைத்தாள். "அஞ்சு மணிக்கு ரயில். நாளைக்குக் காலைல டியூட்டி."

வாசலில் கறுப்புச் செருப்புகளும் காலணிகளும் குவிந்து கிடந்தன. "எதுடி உன்னோடது?" என்று நம்ஹீ கேட்டாள். சூக்யோங் காட்டினாள். நம்ஹீ குந்தி உட்கார்ந்து அவற்றை எடுத்து, போகிறவர் காலுக்கு நேராக, வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பிவைத்தாள். பிரேக் மிதித்து மிதித்து வலது காலணியின் அடி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது.

சூக்யோங் ஒற்றைக் காலைத் தூக்கினாள். தடுமாறாமல் இருக்க நம்ஹீயின் தோளில் கை வைத்தாள். ஒரு காலணி ஏறியது. மற்றதன் குதிகால் மடங்கிக்கொண்டு ஏறாமல் அடம்பிடித்தது. நம்ஹீ விரலை உள்ளே கொடுத்து இழுத்துவிட்டாள். இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் தோளிலேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொள்ளப்பட்டது. நம்ஹீ எழவில்லை. லிப்ட் கதவு மூடும் சத்தம் கேட்ட பிறகு, பக்கத்தில் கிடந்த யாருடைய காலணிகளையோ எடுத்து, அவற்றையும் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பிவைக்கத் தொடங்கினாள்.