பனியனுக்குள் ஒரு முயல்குட்டி

என் மாமியாருக்கும் எனக்கும் சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சண்டை என்றால் இரண்டு பேரும் பேச வேண்டும். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாய்விட்டுப் பேசியதெல்லாம் மகாராணியோடுதான். மகாராணி என்பது ஒரு சாம்பல் நிறப் பெண் முயல். மாமனார் வாங்கி வளர்த்தது. படுத்த படுக்கையான பிறகும் தன் கையால்தான் அதற்குக் கீரைத்தண்டு ஊட்டினாராம். அவர் போனதும் அத்தை ஒரு கையில் துணிப்பெட்டியும் மறு கையில் கூண்டுமாக வந்து சேர்ந்தார்.

முயல் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம் துணியைப் பற்றியது. நான் சலவைக்கடைக்காரன். கீழே கடை, மேலே வீடு. தெருவில் பாதிப் பேர் எனக்குத் துணி போடுகிறார்கள். தங்கும் விடுதிகள் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக அனுப்புகின்றன. என் சொந்த மாமியார் மட்டும் ஒரு கைக்குட்டை கூடப் போட்டதில்லை. தன் புடவைகளைக் குளியலறையில் தானே கும்மி, பின்பக்கம் தனிக் கொடியில் உலர்த்திக்கொள்வார். மனைவியிடம் கேட்டதற்கு, கடை வாசனை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள் என்றாள். அந்த வாசனைக்காகத்தான் ஜனம் என் கடையைத் தேடி வருகிறது. கடைசி அலசலில் நான் ஊற்றுகிற திரவம் அப்படி. தெருவே மெச்சுகிற சரக்கைப் பார்த்து வீட்டில் ஒருவர் மூக்கைச் சுளித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அன்று மத்தியானம் விடாத மழை. மாடிக்கொடி காலியாகக் கிடக்க, கீழே டிரையர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அத்தை படியிறங்கி வந்தார். கடைக்குள் அவர் காலெடுத்து வைத்ததே அன்றுதான். நனைந்த முந்தானையைக் குவித்து நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"மகாராணி போயிட்டா மாப்பிள்ளை," என்றார். "குட்டி போட்டிருக்கா. மூணு குட்டி கூண்டுக் கம்பி மேலயே கெடந்து விறைச்சுப் போச்சு. இது ஒண்ணுதான் அசையுது. ஆனா சில்லுனு இருக்கு."

முந்தானைக்குள் எட்டிப் பார்த்தேன். என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக, இளஞ்சிவப்பாக ஒரு சதைத் துண்டு. ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை, காது இரண்டும் தலையோடு ஒட்டிக் கிடந்தன. வயிறு சுருங்கி மடிந்திருந்தது. விரலால் தொட்டேன். உயிருள்ள எதுவும் அவ்வளவு குளிர்ந்து நான் பார்த்ததில்லை.

தன் முந்தானையிலேயே இருக்கட்டும் என்றார் அத்தை. ஈரத் துணியில் வைத்தால் இன்னும் குளிர்ந்துவிடும் என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். சலவைக்காரனுக்கே ஈரத்தைப் பற்றிப் பாடமா? டிரையரைத் திறந்து, இருந்ததிலேயே மெத்தென்ற டவலை உருவி, உதறிச் சூட்டைத் தணித்து, குட்டியை அதில் சுருட்டினேன். விடுதியின் பெரிய அறைகளுக்குப் போகிற டவல் அது. அதற்கென்று திரவத்தில் ஒரு மூடி கூடுதலாகவே விடுவேன்.

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். சில்லிட்டுக் கிடக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காது, முதலில் சூடு, அப்புறம்தான் பால் என்றார். நாலைந்து குட்டிகள் இருந்தால் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளுமாம். ஒற்றைக் குட்டிக்கு ஒண்ட ஆளில்லை. புட்டிப்பால் இந்த வயதில் பெரும்பாலும் கைகொடுக்காது. இப்போதுதான் குட்டி போட்ட வேறொரு தாய் முயலிடம் இன்றைக்கே சேர்த்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முயல்தானே, பிழைக்காவிட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தையிடம் சமாதானம் சொன்னேன். எனக்குச் சமாதானம் சொல்ல வராது.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவர் கையால கடைசியா தின்ன ஜீவன் அது. அது வயித்துல வந்தது இது. இதுவும் போயிட்டா, அவர்கிட்ட இருந்து வந்ததுன்னு எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல மாப்பிள்ளை."

இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. டிரையர்கள் முனகிக்கொண்டே நின்றன. கதவைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். துணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறிக்கொண்டிருந்தன. குட்டியைச் சுற்றியிருந்த டவலும் அப்படித்தான். வேறு யோசனை எதுவும் ஓடவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, குட்டியைப் பனியனுக்குள் விட்டு, என் தொப்பைமேல் படுக்க வைத்தேன். மனைவி பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்கிற தொப்பை அது. மேலே டவலைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். குளிர்ச்சியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. குட்டியிடம் அசைவே இல்லை. செத்துவிட்டதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத் தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் உதை விழுந்தது. உதைக்கிறது என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இனி தாய் முயலுக்கு எங்கே போவது? அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பஞ்சர் கடையில் ஒரு வெள்ளை முயல் இருக்கிறது, முந்தாநாள்தான் குட்டி போட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். மகாராணி போட்ட குட்டிகளுக்கு அப்பனே அந்தக் கடை ஆண் முயல்தானாம். எனக்குத் தெரியாமல் இரண்டு கடை தள்ளி ஒரு சம்பந்தமே நடந்து முடிந்திருக்கிறது.

அந்தப் பஞ்சர் கடைக்காரரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் ரப்பரைச் சுட்டு ஒட்டுகிற புகை என் மாடிக்கு வந்து வெள்ளை விரிப்புகளில் கரியாகப் படியும். போன மாதம்தான் நடுத்தெருவில் நின்று அவரைக் கிழிகிழியென்று கிழித்திருந்தேன். ஆனால் மானம் ரோஷம் பார்த்தால் பனியனுக்குள் இருப்பது பிழைக்காது. வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு மழையில் இறங்கினேன். அத்தை குடையை என் தொப்பைக்கு நேராகப் பிடித்தபடி வந்தார்.

"என்ன சார், இந்த மழையிலயும் கரியா?" என்றார் பஞ்சர் கடைக்காரர். பின்னால் வந்த அத்தையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க சம்பந்தியம்மா." நான் சட்டையைத் திறந்து காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் பால் கொடுக்கும் என்றார். அவருடையது பொழுது சாய்கிற நேரத்தில் கொடுக்கும். அதனால் குட்டிகள் இருக்கும் மரப்பெட்டியைத் தனியாக வைத்திருந்து, அந்த நேரத்துக்குக் கூண்டுக்குள் நகர்த்துவார். பெட்டியில் தாய் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் போட்ட ரோமத்துக்குள் அவருடைய மூன்று குட்டிகள் சூடாகக் கிடந்தன. நடுவில் எங்களுடையதை வைத்து மூடினோம். இருட்டத் தொடங்கியதும் பெட்டியை உள்ளே நகர்த்தினார்.

வெள்ளை முயல் துள்ளி ஏறியது. குனிந்து மோந்தது. உடனே பின்னங்காலால் பெட்டி அதிரும்படி ஓங்கி உதைத்தது. முன்காலால் ரோமத்தைப் பறித்து எங்கள் குட்டியை மட்டும் ஓரத்துக்குத் தள்ளி, கவ்வப் போகிற மாதிரி வாயைக் கொண்டுபோனது. பஞ்சர் கடைக்காரர் பாய்ந்து குட்டியை எடுத்துவிட்டார். தாய் யாருக்கும் பால் கொடுக்காமல் வெளியே குதித்தது.

அவர் குட்டியை மூக்கருகே கொண்டுபோனார். "என்ன சார் இது, சென்ட் பாட்டில்ல பொறந்த மாதிரி மணக்குது?"

என் உள்ளங்கையை மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்காக அதிலேயே ஊறிக் கிடக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கடை வாசனை என்றார் அத்தை, மெதுவாக. டவலில் அந்த வாசனை, பனியனில் அந்த வாசனை, என் தோலிலும் அதுதான். இருந்ததிலேயே உசத்தியான டவலில் சுற்றி, அந்தக் குட்டி குடிக்க வேண்டிய பாலில் நானே மண்ணைப் போட்டிருந்தேன். எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கலாமா என்றார் பஞ்சர் கடைக்காரர். வேண்டாம் என்றேன். நனைந்தால் மறுபடி சில்லிட்டுவிடும், இன்னொரு தடவை அதற்குத் தெம்பில்லை. குட்டியைத் திரும்பப் பனியனுக்குள் விட்டுக்கொண்டேன். உதை இப்போது வலுவில்லாமல் இருந்தது.

என் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு கட்டுத் தலையணை உறைகளில் ஒன்றில் மட்டும் நீலம் தூக்கலாகிவிட்டால், அதை வெளுக்கிறேன் என்று பாழாக்க மாட்டேன். மீதியையும் அதே நீலத்தில் முக்கி எடுத்துவிடுவேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எதையும் யாரும் தனியாகக் குறை சொல்வதில்லை. இடுப்பில் கட்டியிருந்த டவலை அவிழ்த்தேன். இதை உங்கள் குட்டிகள் மேலும் தேய்க்க விடுவீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். "நாலையும் தள்ளிட்டா?"

நியாயமான கேள்வி. அவருடைய மூன்றும் தெம்பாக இருந்தன. ஊரார் குட்டிக்காக அவர் எதற்கு அவற்றைப் பணயம் வைக்க வேண்டும்? அதிலும் நான் கேட்டு? அப்படி ஆனால் உங்கள் புகையைப் பற்றி ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டேன் என்றேன். கொடுப்பதற்கு என்னிடம் வேறென்ன இருந்தது?

"அது வேண்டாம் சார். நீங்க கத்தலன்னா எனக்குக் கடை தொறந்த மாதிரியே இருக்காது." பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை ஈரப் புடவையோடு கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "தேயுங்க," என்றார் பஞ்சர் கடைக்காரர்.

மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாக டவலில் உருட்டினேன். ரோமத்திலும் தேய்த்தேன். அவர் வெள்ளை முயலைப் பிடித்துக்கொள்ள, அதன் மூக்கிலும் டவலின் நுனியை ஒற்றினேன். அது தும்மியது. நான்கையும் சேர்த்து மூடிப் பெட்டியை மறுபடி நகர்த்தினோம்.

தாய் வரவில்லை. மூலையில் உட்கார்ந்து முன்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது. நான்கு குட்டிகளுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டேனோ? பஞ்சர் கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தை என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார், பிடித்திருப்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

பிறகு வெள்ளை முயல் எழுந்து வந்து பெட்டிக்குள் ஏறியது. மோந்தது. இங்கே மோந்தது, அங்கே மோந்தது. கால் தூக்கியதைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தபோது அது குட்டிகளுக்கு மேலே அசையாமல் நின்றிருந்தது. ரோமத்துக்குள் முட்டுகிற சத்தமும் சப்புகிற சத்தமும் கேட்டன. பெரியவை மூன்றும் முண்டியடித்தன. எங்களுடையது கண்ணிலேயே படவில்லை.

கொஞ்ச நேரத்தில் தாய் குதித்து வெளியே போய்விட்டது. பஞ்சர் கடைக்காரர் ரோமத்தை விலக்கித் தேடி, எல்லாவற்றிலும் சின்னதை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது. வயிறு உருண்டு திரண்டிருந்தது. மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தது.

அத்தை வாய்விட்டு அழுதார். மாமனார் போனபோது கூட அப்படி அழவில்லை. எனக்கும் கண்ணீர் வந்தது. பஞ்சர் கடைக்காரர் எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

குட்டி தானாக மேயும் வரை அங்கேதான் இருக்க வேண்டும், தினமும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. மறுநாள் காலை கடையைத் திறந்தபோது துணிக் கூடையில் ஒரு பழுப்பு நிறப் புடவை கிடந்தது. அத்தையுடையது. எடுத்து மோந்தேன். என் கடை வாசனைதான் எனக்குத் தெரியாதே தவிர, மற்றவர் துணியின் வாசனை நன்றாகத் தெரியும். முட்டிவலித் தைலம். மாமனார் தேய்த்துக்கொள்வது. தனிக் கொடியில் எத்தனையோ புடவைகள் உலர்ந்து பார்த்திருக்கிறேன், இதை மட்டும் பார்த்ததில்லை. அவர் போன பிறகு அத்தை இதைத் துவைத்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அத்தை படியில் நின்றிருந்தார். இது வேண்டாம் அத்தை, வேறு புடவை போடுங்கள் என்றேன்.

"இல்ல மாப்பிள்ளை. இதைக் கட்டிக்கிட்டுதான் மகாராணியத் தூக்குவேன். குட்டியையும் இதைக் கட்டிக்கிட்டுதான் தூக்கணும். நான் வேற வாசனையோட போய் நின்னா, அந்த வெள்ளைக்காரி என் குட்டியத் தள்ளிடுவா."

மெஷினில் போடாமல் வாளியில் தனியாக, கையாலேயே அலசினேன். கடைசி அலசலுக்குத் தண்ணீர் மாற்றி, மூடியில் திரவத்தை அளந்துவிட்டு, ஊற்ற மனமில்லாமல் நின்றேன். அத்தை இறங்கி வந்து, என் கையிலிருந்த மூடியை வாங்கி, தானே ஊற்றினார்.