வெட்டிய ஆறு கண்ணிகள்

ஆறு வருடமாக நான் பகலைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளின் ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்குப் பார்த்திருக்கிறேன். பார்சல் பிரிக்கும் கிடங்கில் எனக்கு இரவு வேலை. ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டுகளையும் அவற்றை இழுக்கும் செயின்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செயின் தளர்ந்தால் கண்ணிகளை வெட்டிச் சேர்க்க வேண்டும். காலையில் அக்கா வீட்டுக்கு வந்து, பின்னறையில் சாயங்காலம் வரை தூங்குவேன். கல்லூரியை மூன்றாம் வருடம் விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பிடிக்கவில்லை, போகவில்லை.

வானிலை நிலையத்தின் அறிவிப்பைக் கொண்டுவந்தது அக்காதான். அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பலகையில் ஒட்டியிருந்ததாம். நிலையம் மலை உச்சியில் இருந்தது. போன மழையில் பாதை அரித்துப்போய் ஜீப் நின்றுவிட்டது. முன்பு இருந்த ஆள் தினமும் நடந்து ஏறி, இரண்டு மாதத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். இப்போது அவர்களுக்குத் தானாக மேலே வந்து சேரும் ஓர் ஆள் வேண்டும். கீழே உள்ள கேட் ஏழு மணிக்குத் திறக்கும். எட்டரைக்கு முதல் ரீடிங். அதற்கு முன் கருவிகளைச் சரிபார்க்க இருபது நிமிடம். ஆகவே எட்டு கிலோ பேட்டரிப் பையோடு எழுபது நிமிடத்துக்குள் ஏறிக் காட்டுபவருக்கு வேலை. தேர்வு மாதக் கடைசி வியாழக்கிழமை.

பகல் வேலை. எனக்கு அது போதும்.

என்னிடம் ஒரு மவுண்டன் பைக் இருந்தது. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. கணக்குக்கு இருபத்தொரு கியர். நடைமுறையில் நாலோ ஐந்தோ வேலை செய்யும், மற்றவை கரகரக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதில் மலையேறிப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு நிமிடம். அதில் இருபது நிமிடம் தள்ளிக்கொண்டு நடந்தது.

மறுநாள் 'ஸ்பேனர்' கடைக்குப் போனேன். ஸ்பேனர் என்பது சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் பட்டப்பெயர். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். பைக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஃபிரேம் நல்லா இருக்கு. மத்ததெல்லாம் கழட்டிப் போட வேண்டியதுதான். எதுக்கு இது?"

சொன்னேன்.

"அந்தக் கடைசி மேடு இருக்கே, அதுல ஆடே மூச்சு வாங்கும். முன்னால ஒரே ஒரு சின்னப் பல்லு போடு. பின்னால பத்து. கடைசிப் பல்லு சாப்பாட்டுத் தட்டு சைஸுல இருக்கும். அதுல போட்டுட்டு உக்காந்து மிதிச்சா சுவத்துல கூட ஏறலாம்." பல்சக்கரத்தை அவர் பல்லு என்றுதான் சொல்வார்.

மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாக வாங்கினேன். புதிய பின்சக்கரம், பத்துப் பல்சக்கரங்கள் அடுக்கிய கேசட், செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் நீளமான டீரெய்லர், கைப்பிடியில் ஒரு லீவர், கட்டை கட்டையாகப் பற்கள் வைத்த டயர்கள். பிரேக் பழையதுதான், ரப்பர் மட்டும் மாற்றினேன். பின்னறையில், துவைக்கும் இயந்திரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே பைக்கைக் கவிழ்த்து வைத்து எல்லாவற்றையும் நானே பூட்டினேன். செயினை மட்டும் ஸ்பேனர் கடையில் வைத்து அளந்து வெட்டிக் கொடுத்தார்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார்.

"ஏன்டி, உன் தம்பி இருபத்தொரு கியரைக் கழட்டிட்டு பத்து கியர் போடுறான். கேட்டா முன்னேற்றமாம்."

"அவன் வேலையை அவன் பாக்கட்டும். நீங்க அந்தக் குழாயைப் பாருங்க, ஒழுகுது," என்றாள் அக்கா.

"மேல போகணும்னா என்னைக் கேட்டிருக்கலாமே மாப்ளே. பட்டனை அமுக்கினா போதும்."

"மலைக்கு லிஃப்ட் போட்டுட்டு சொல்லுங்க மாமா, வரேன்."

"போட்டாலும் நீ ஏறின அன்னிக்குன்னு பாத்து நடுவுல நிக்கும்," என்று சிரித்துவிட்டுப் போனார். குழாய் பக்கம் போகவில்லை.

புதன்கிழமை மதியத்துக்குள் எல்லாம் தயார். பத்து பல்லிலும் செயின் ஏறி இறங்கியது. பெரிய பல்லுக்குப் போகும்போது ஒரு 'கடக்', அவ்வளவுதான். கடைசியாகச் சின்னப் பல்லில் விட்டுப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் செயின் தொங்கியது. டீரெய்லர் பின்னால் மடங்கிக் கிடந்தது. தட்டினால் ஆடியது.

இதை நான் அப்படியே விட்டிருக்க வேண்டும். ஸ்பேனர் சொல்லியும் இருந்தார்: "சின்னப் பல்லுல தொங்கும். தொங்கட்டும், கை வைக்காத." ஆனால் ஆறு வருடமாக என் கண்ணுக்குப் பழக்கம் வேறு. கிடங்கில் தொங்குகிற செயின் என்றால் பல் தாண்டப்போகிற செயின். தாண்டினால் பெல்ட் நிற்கும், பார்சல் குவியும், மேலாளர் வந்து நிற்பார். தொங்குவதைக் கண்டால் வெட்டுவது எனக்கு யோசனை இல்லை, கை தானாகச் செய்கிற காரியம். கட்டரை எடுத்தேன். ஆறு கண்ணிகளை வெட்டினேன். செயின் கம்பி மாதிரி நேராக நின்றது. பார்க்க நன்றாக இருந்தது. தெருவில் நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். தெரு சமதளம். பெரிய பல்லுக்கு அங்கே வேலை இல்லை.

ராத்திரி தூங்கிப் பழக்கமில்லாத உடம்பு. விடுப்பு எடுத்தும் பிரயோஜனமில்லை. வியாழக்கிழமை ஏழு மணிக்கு இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு கேட்டில் நின்றேன். காவலாளி நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு பேட்டரிப் பையைத் தூக்கிக் கொடுத்தார்.

முதல் அரை மணி நேரம் பைக் நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. அரித்த பள்ளங்களில் டயர் மண்ணைக் கவ்வியது. ஜீப் விழக்கூடிய இடத்தில் போட்டிருந்த பலகைப் பாலத்தைத் தாண்டினேன். நாற்பத்தெட்டாவது நிமிடம் கடைசி மேட்டின் அடிக்கு வந்தேன். சரளைக்கல். பாதை நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. லீவரைக் கடைசித் தட்டு தட்டினேன்.

செயின் பெரிய பல்லின் மேல் பாதி ஏறியது. பிறகு ஒரு முனகல். பெடல் கல்லாக இறுகியது. பையின் கனம் ஒரு பக்கம் இழுக்க, பைக்கோடு சாய்ந்து விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்தே பார்த்தேன். டீரெய்லர் முன்பக்கமாக முழுதாக நீண்டு, உடையக் காத்திருந்தது. அந்தப் பல்லைச் சுற்றி வரச் செயின் போதவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கத் தேவைப்படவில்லை. நேற்று வெட்டிய கண்ணிகள் இங்கே வேண்டியிருந்தன. அவை வீட்டில் துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் கிடந்தன.

சக்கரத்தைப் பின்னால் சுற்றி, கையால் செயினை இழுத்து அடுத்த பல்லில் போட்டேன். அந்தப் பல்லில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சரளையில் வழுக்கியது. உட்கார்ந்தால் கால் பலம் போதவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்காக.

நிலையத்தின் பொறுப்பாளர் வாசலில் நின்றிருந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மனிதர். என் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுபத்து நாலு."

"சார், செயின்ல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"செயின் யாரோடது?"

"என்னோடது."

"தப்பு?"

"அதுவும் என்னோடதுதான்."

"அப்புறம் என்ன? இன்னிக்கு ஆள் தேறலைன்னா வாங்கன்னு நாளைக்கு ஒருத்தரைச் சொல்லி வச்சிருக்கேன். ஓட்டக்காரராம். தண்ணி குடிச்சிட்டுப் பார்த்து இறங்குங்க தம்பி."

தண்ணீர் குடித்தேன். கெஞ்ச எனக்கு வராது. ஆனால் அறிவிப்பை நான் பத்து முறை படித்திருந்தேன்.

"சார், அறிவிப்புல வியாழக்கிழமை எழுபது நிமிஷத்துக்குள்ளன்னுதான் இருக்கு. ஒரு தடவைதான்னு இல்ல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். காகிதத்தோடு வந்தார். படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இல்லதான்," என்றார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "பன்னெண்டு மணிக்கு அடுத்த ரீடிங். அதை நான் எடுக்கிறதுக்குள்ள, கேட்லேர்ந்து எழுபது நிமிஷத்துல வந்து நில்லுங்க. அதுக்கு மேல கிடையாது."

"சரி சார்."

"தம்பி."

"சார்?"

"பையை எடுத்துக்கிட்டுப் போங்க. அது இல்லாம ஏறினா கணக்குல வராது."

ஸ்பேனர் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும். ஒன்பதே காலுக்கே ஷட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் சாவியோடு வந்து, என்னைப் பார்த்து, பைக்கைப் பார்த்து, செயினை விரலால் ஒரு தட்டு தட்டினார். வீணை மாதிரி அதிர்ந்தது.

"கை வச்சுட்டியா?"

"ஆமா."

"எத்தனை?"

"ஆறு."

"ஏன்டா, முடி வெட்டுற மாதிரி வெட்டியிருக்க. நான் அளந்து குடுத்தது என்ன, அலங்காரத்துக்கா?"

"தொங்குச்சுக்கா."

"தொங்கும்னு சொன்னேனா இல்லையா? உன் கிடங்குல செயின் ஒரே பல்லுல ஓடும். இது பத்து பல்லுல ஓடணும். பெரிய பல்லுக்கு வேணுங்கிற நீளம் சின்னப் பல்லுல மிச்சமாத்தான் நிக்கும். அது கோளாறு இல்ல, இருப்பு."

அவர் பைக்கை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினார். டீரெய்லர் தொங்கும் காது உள்பக்கம் வளைந்திருந்தது. நீளக் கம்பி ஒன்றைத் திருகி மாட்டி, கண்ணை ஒடுக்கிப் பார்த்து, மெதுவாக வெளியே நெம்பினார். புதிய செயினைப் பிரித்தார். பெரிய பல்லையும் முன் பல்லையும் சுற்றிப் போட்டு, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி விட்டு அளந்தார். நான் பழக்கத்தில் கட்டரை எடுத்து நீட்டினேன்.

"கீழ வை. அதைத் தொடாத. தொட்டா விரலையும் சேர்த்து அளப்பேன்."

வைத்தேன்.

எல்லாப் பல்லிலும் இரண்டு முறை ஏற்றி இறக்கிக் காட்டினார். கடைசியாகச் சின்னப் பல்லில் விட்டார். செயின் தொங்கியது. என் கை கட்டர் பக்கம் போனது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன்.

"எப்ப ஏறணும்?"

"இப்ப."

"மறுபடியுமா? இன்னிக்கேவா?" உள்ளே போய் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து பையின் பக்கவாட்டில் செருகினார். "போற வழியிலேயே தின்னு. மேல கொண்டுபோய் எடை ஏத்தாத."

கேட்டில் காவலாளி நோட்டைத் திறந்தபடி கேட்டார். "என்ன தம்பி, மேல ஏதாவது மறந்துட்டீங்களா?"

"ஆமா. வேலையை."

பத்து நாற்பத்தொன்று என்று எழுதினார்.

இந்த முறை வெயில். காலையில் நிழலாக இருந்த வளைவுகள் எல்லாம் வெள்ளையாகக் காய்ந்தன. தொடைகள் முதல் கிலோமீட்டரிலேயே முறையிட ஆரம்பித்தன. அவை பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் செயின் ஃபிரேமில் பட்டு 'டக் டக்' என்று அடித்தது. தளர்ந்த செயினின் சத்தம். கிடங்காக இருந்தால் ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருப்பேன். இங்கே அதைக் கேட்டுக்கொண்டே மிதித்தேன்.

பலகைப் பாலத்துக்குக் காலையைவிட இரண்டு நிமிடம் தாமதமாக வந்தேன். மேட்டின் அடியில் ஐம்பது நிமிடம். மீதி இருபது. நடந்தால் போதாது என்று காலையில்தான் நிரூபித்திருந்தேன்.

லீவரைத் தட்டினேன். 'கடக்.' செயின் ஏறி உட்கார்ந்தது. பெடல் சட்டென்று லேசானது. நான் சீட்டின் முனைக்கு நகர்ந்து, மார்பைக் கைப்பிடிக்கு மேல் சாய்த்து மிதித்தேன். ஒரு முழு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. ஓரத்தில் ஓர் ஓணான் என்னைப் பார்த்தது, சலித்துப்போய்த் தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த வேகம்தான். ஆனால் டயர் வழுக்கவில்லை. கால் நிற்கவில்லை. வேகமாகப் போக வேண்டாம், நிற்காமல் போனால் போதும் என்பது அந்தப் பல்லின் ஏற்பாடு. அதை நம்பினேன். நூறு மிதி எண்ணுவது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது. எட்டாவது நூறில் கண்ணில் வியர்வை இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் விழுவேன். ஒற்றைக் கண்ணால் ஏறினேன்.

பொறுப்பாளர் வாசலில் இல்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டுக்கு ஃபோன் போட்டு, காவலாளி எழுதிய நேரத்தைக் கேட்டார். என் வார்த்தையை அவர் கேட்கவே இல்லை.

"அறுபத்தெட்டு," என்றார். பையை வாங்கித் தராசில் வைத்தார். எட்டு கிலோ. வாழைப்பழத் தோல் இருந்ததால் கொஞ்சம் கூடுதல்.

"பன்னெண்டு ஆகப் போகுது, வாங்க," என்று முன்னால் நடந்தார். வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைக் காட்டினார். மூச்சு படாமல் படிக்கச் சொன்னார். எனக்கு இருந்த மூச்சில் அது பெரிய கோரிக்கை. அடக்கிக்கொண்டு படித்தேன். மழைமானியில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றாலும் பூஜ்யம் எழுத வேண்டும் என்றார். எழுதினேன். அவர் கண்ணாடி வழியாக என் எண்களைப் பார்த்தார்.

"இது ஏழா, ஒண்ணா?"

"ஏழு சார்."

"ஏழு மாதிரி எழுதுங்க."

அடித்து, பக்கத்தில் திருத்தி எழுதினேன். அவர் ஃபோனை எடுத்தார்.

"நாளைக்கு வரதா இருந்தீங்கல்ல... ஆமா, ஓட்டம். வேண்டாம், ஆள் எடுத்தாச்சு." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மூணு மணிக்கு அடுத்த ரீடிங். அதையும் எடுத்துட்டு இறங்குங்க. இடைப்பட்ட நேரத்துல உக்காந்து ஓய்வெடுக்கலாம். தூங்கக் கூடாது, அதுதான் இங்க விதி."

அறையில் ஒரு நாற்காலி இருந்தது. ஜன்னலில் தாள் ஒட்டியிருக்கவில்லை. வெயில் தரை முழுக்கக் கிடந்தது. நாள்தோறும் நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும் நேரம் அது. உட்கார்ந்தால் அதோடு முடிந்தது என்று தெரியும். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மூன்று மணி வரை நின்றேன்.